படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை

படத்தில் கட்டி எதுவும் இல்லை. சலேத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நாலு நாளாகக் கணவருக்கு வயிற்று வலி. பஸ்ஸில் வரும்போது அவள் எதையெல்லாமோ நினைத்துப் பயந்திருந்தாள். இப்போது விளக்குப் பலகையில் அவர் வயிறு கறுப்பும் சாம்பலுமாகத் தெரிந்தது.

டாக்டரம்மா படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"லாந்தனம் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாராம்மா?"

"மூணு வேளையும் டாக்டர். நாந்தான் கையில குடுக்கேன்."

இரண்டு வருடமாக டயாலிசிஸ். சிறுநீரகம் கழிக்காத பாஸ்பரஸ் ரத்தத்தில் தேங்கும், எலும்பை அரிக்கும் என்று சொல்லித் தந்த மாத்திரை. ஏதோ ஓர் உலோகத்தின் உப்பு. சோற்றோடு மென்று தின்றால், மீனிலும் பருப்பிலும் இருக்கும் பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடுமாம்.

ஆனாலும் மாதாமாதம் பாஸ்பரஸ் ஏறியது. போன மாதம் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள்.

"அது உலோகம்மா. சாப்பிடுறவங்க எக்ஸ்ரேல, குடல்ல அங்கங்க வெள்ளையாத் தெரியும்."

டாக்டரம்மாவின் விரல் படத்தின் மேல் மெல்ல நகர்ந்தது.

"இவருக்கு ஒரு புள்ளிகூட இல்ல."

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

பெஞ்சில் கணவர் தஸ்நேவிஸ் உட்கார்ந்திருந்தார். ஊசி குத்திக் குத்திப் புடைத்த இடது கையை வலது கையால் பொத்தியிருந்தார்.

"கட்டி இல்லன்னுட்டாங்களா சலேத்து?"

"மாத்திரைய என்ன செஞ்சீங்க?"

அவர் தரையைப் பார்த்தார்.

"துப்பிருவேன்."

ஏன் என்று கேட்க வாயெடுத்தாள்.

கேட்கவில்லை. வாழ்ந்தது போதும் என்று அவர் சொல்லிவிட்டால்?

கேன்டீனில் இரண்டு சாப்பாடு வாங்கினாள். மாத்திரையை அவர் தட்டோரம் வைத்தாள். இரண்டு வாய் சோற்றுக்குப் பிறகு அவர் அதை எடுத்துப் போட்டுக்கொண்டார். தாடை அசைந்தது. நொறுங்கும் சத்தம் கேட்டது.

"வாயத் தெறங்க."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு வயது மனிதர் வாயைத் திறந்து காட்டினார். மூடினார். விழுங்கினார்.

அவள் தன் சோற்றில் குழம்பை ஊற்றினாள். பிசைய முடியவில்லை. விரல்கள் அப்படி நடுங்கின. பருக்கைகள் தட்டுக்கு வெளியே சிதறின.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு, சிதறிய பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் தட்டோரம் போட்டார்.

"ராத்திரி மாத்திரையக் குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிராத சலேத்து," என்றார். "பக்கத்துலயே இரி."