பேசியவர்கள்

"இப்போ பேசலாம்" என்றார் கணக்கு வாத்தியார்.

யாரும் பேசவில்லை.

"நாலு நாலு பேரா உக்காந்து, இந்தக் கணக்க உங்களுக்குள்ள பேசிக்கோங்க."

முப்பத்திரண்டு பிள்ளைகள் அவரையே பார்த்தார்கள். இரண்டு பேர் பழக்கத்தில் வாயில் விரல் வைத்துக்கொண்டார்கள்.

கரும்பலகையில் ஒரே ஒரு கணக்கு. மைனஸ் மூன்றிலிருந்து இன்னும் நான்கைக் கழி.

பலகையின் வலது ஓரத்தில் ஒரு கட்டம். மேலே 'பேசியவர்கள்' என்று வெள்ளைப் பெயின்டில் இருந்தது. போன வருடம் அவர்தான் எழுத வைத்தார். அதற்குக் கீழே பெயர் எழுதுவது வகுப்புத் தலைவனின் வேலை. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மூன்று குறி விழுந்தால் வெளியே போய் வராந்தாத் தூணருகே நிற்க வேண்டும்.

அவர் யாரையும் அடித்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆடி, ஆவணி இரண்டு மாதமும் அந்தக் கட்டத்தில் ஒரே பெயர்தான். கடைசி பெஞ்சு முப்பிடாதி.

என்ன பேசினாள் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. பேசினாள், அது போதாதா?

தினமும் வெளியே நிற்பதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று சொல்லி, அவளுடைய அப்பா டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார். திருப்பூரில் சித்தி வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.

காலாண்டுப் பரீட்சையில் கடைசி பெஞ்சின் மற்ற மூன்று பேரும் முட்டை வாங்கினார்கள். அதுவரை நன்றாகப் போட்டவர்கள். நேற்று கூப்பிட்டு அதட்டினார். ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள்.

"அவ சொல்லித் தந்தாத்தான் சார் எங்களுக்கு வெளங்கும்."

அதற்கு மேல் அவரால் அதட்ட முடியவில்லை. சாயங்காலம் முப்பிடாதி வீட்டுக்குப் போனார். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கொடுத்த நம்பர் உபயோகத்தில் இல்லை.

இன்று அரை மணி நேரமாகக் கெஞ்சுகிறார். உதாரணம் சொன்னார். கதை சொன்னார். அவர் குரல் மட்டும்தான் கேட்டது.

கடைசி பெஞ்சில் மூன்று பேர். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தார்கள்.

வகுப்புத் தலைவன் சாக்பீசோடு எழுந்தான். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"யாருமே பேசல சார்."

அவர் சாக்பீசை வாங்கினார். கட்டத்துக்குள் தன் பெயரை எழுதினார். இனிஷியலோடு. பக்கத்தில் மூன்று பெருக்கல் குறி போட்டார்.

வெளியே போய்த் தூணருகே நின்றார்.

அங்கிருந்து கரும்பலகை தெரியவில்லை. அது அவருக்கு இன்றுதான் தெரியும்.

பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"கிணத்துப் படின்னு சொல்லுவால்லா. தரைதான் சைபரு. மூணு படி எறங்கியாச்சு."

"இன்னும் நாலு எறங்கணும்."

எண்ணினார்கள். ஒவ்வொரு குரலாகச் சேர்ந்துகொண்டது. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

"மைனஸ் ஏழு."

"சரியான்னு யார்ட்ட கேக்க? அவதான் இல்லையே."

சரி என்று சொல்ல வாயைத் திறந்தார்.

பிறகு வாயில் விரல் வைத்துக்கொண்டார்.