மஞ்சள் கோடு

ஸ்பிரிங் மாற்றி உயரம் ஏற்றிய ஜீப்பின் அடியில் மெக்கானிக் மல்லாந்து கிடக்கிறான். வண்டியைக் கொண்டுவந்த அவனுடைய அக்கா, சாவியை விரலில் மாட்டியபடி பக்கத்தில் நிற்கிறாள். "மூணு நாளா சொல்றேன்டா. ஸ்டீயரிங் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் போகுது." "ஒசத்தின வண்டி கொஞ்சம் அலையத்தான்க்கா செய்யும். உனக்கு இன்னும் கை பழகல." சொல்லி வாய் மூடுமுன், முன் அச்சைப் பிடித்து நிறுத்தும் கம்பியில் அவனுடைய டார்ச் வெளிச்சம் விழுகிறது. அதன் நட்டில் மஞ்சள் பெயின்ட் கோடு. முறுக்கி முடித்ததும் இழுக்கிற கோடு அது. அதைப் பார்த்தபின் இந்தப் பட்டறையில் யாரும் நட்டைத் தொடுவதில்லை. சனிக்கிழமை இந்த ஜீப்பை உயரம் ஏற்றியபோது, வண்டி லிஃப்டில் நிற்கையிலேயே, இறக்கியபின் முறுக்கிக்கொள்ளலாம் என்று எல்லா நட்டுக்கும் முன்கூட்டியே கோடு போட்ட கை அவனுடையதுதான். இரண்டு விரலால் தொடுகிறான். பாட்டில் மூடியைப் போல நட்டு சுழன்று, கோட்டோடு உள்ளங்கையில் விழுகிறது. டார்ச் உருண்டு அவள் செருப்பில் முட்டுகிறது. "என்னடா?" அவன் ஊர்ந்து வெளியே வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறான். அவள் நட்டைப் பார்க்கிறாள். பிறகு பின்சீட்டில் கிடக்கும் குட்டித் தண்ணீர் பாட்டிலைப் பார்க்கிறாள். "காலையில புள்ளைங்களோட பாலத்து மேல எண்பதுல போனேன்டா." சாவிக்கொத்தை விரலிலிருந்து கழற்றி, அவன் உள்ளங்கையில் நட்டின் பக்கத்தில் வைக்கிறாள்.