தூக்கிப் போட்டால் உட்காரும்

"கம்ப்யூட்டரைத் தூக்கி மேஜை மேல போடணும் அண்ணி. வேற வழியே இல்ல" என்றான் மாடி வீட்டுத் தம்பி.

பெரியவர் துள்ளி எழுந்தார். "போட்டான்னா கையை உடைச்சிடுவேன்னு அவன்கிட்ட சொல்லு!"

"கையை உடைச்சிடுவாராம் தம்பி" என்றாள் அவர் மனைவி.

மூவரும் இருந்தது ஒரே அறையில்தான். ஆனால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று பல வருடம்.

காரணம் சொத்துத் தகராறு இல்லை. இதே பழைய கம்ப்யூட்டர்தான். டிவியில் மாட்டி, கேசட் போட்டு விளையாடுகிற காலத்துச் சாமான். விமானம் சுடும் ஆட்டத்தில் பெரியவர் பத்து லட்சம் புள்ளியைத் தொடப்போன நேரம், பொசுக்கென்று திரை இருண்டது. "நான்தான்ணே, தெரியாம ப்ளக்கைப் பிடுங்கிட்டேன்" என்று வந்து நின்றான் தம்பி.

அன்றோடு சரி. தம்பி கல்யாணத்தில்கூட மேடை ஏறி, பெண்ணை மட்டும் வாழ்த்திவிட்டு இறங்கியவர் பெரியவர்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர் கட்டம் கட்டமாகக் குப்பை காட்டுகிறது. கடைக்காரர்கள் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். வேறு போக்கிடம் இல்லாமல்தான் மாடிக்குச் சொல்லி அனுப்பினார்.

"உள்ள சிப்பு சூட்டுல எழும்பிக்கிச்சு அண்ணி. ஒரு சாண் தூக்கிப் போட்டா உட்கார்ந்துடும்."

"சிப்பு உட்கார்ந்துடுமாம்ங்க."

"முதல்ல அவனை உட்காரச் சொல்லு!"

தம்பி உட்காரவில்லை. தூக்கினான். போட்டான். தடால்!

பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். திரையில் குப்பை மறைந்து, பளிச்சென்று நீலம் வந்தது.

"கையை எடுத்தா மறுபடி எழும்பிடும்" என்று நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் கம்ப்யூட்டர் ஓரத்தை அமுக்கிக்கொண்டான் தம்பி.

"இதுங்களோட மல்லுக்கட்ட எனக்கு நேரமில்ல" என்று மனைவி படுக்கையறைக்குள் போய்விட்டாள்.

கேசட் கீச்சிட்டது. விமானம் வந்தது. பெரியவர் நாக்கைக் கடித்துக்கொண்டு சுட்டார். ஒரு லட்சம். இரண்டு லட்சம்.

பொசுக்!

"நான்தான்ணே! கால் பட்டு ப்ளக் கழண்டுடுச்சு!" தம்பி படபடத்தான்.

பெரியவர் அவன் கையைப் பார்த்தார். காலைப் பார்த்தார். ஹால் ப்ளக் பாயின்ட் தீய்ந்துபோன நாளிலிருந்து படுக்கையறைக்குள் ஓடும் ஒயரைப் பார்த்தார். ஒயர் முடிகிற இடத்தில், கையில் இஸ்திரிப் பெட்டியோடு மனைவி திருதிருவென விழித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டா, கை ரெண்டும் இங்க இருக்கு. கால் சம்மணம் போட்டிருக்கு. அந்த ரூம்ல இருக்கிற ப்ளக்கை எதாலடா கழட்டினே?"

இத்தனை வருடத்தில் தம்பியிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. தம்பி அண்ணியைப் பார்த்தான்.

"அப்போ... அன்னிக்கும்?"

"உன் சட்டையைத்தான் தேய்ச்சாங்கண்ணே. நீ என்கிட்ட பேசலன்னா நான் மாடியில கிடப்பேன். அண்ணிகிட்ட பேசலன்னா அவங்க எங்க போவாங்க?"

பெரியவர் தம்பி பக்கம் திரும்பினார்.

"நம்ம ரெண்டு பேருக்கும் டீ போடச் சொல்லி உங்க அண்ணிகிட்ட சொல்லு."