வாய் திறக்காத அரை மணி

எத்தனை வருடம் போனாலும் அந்த ஞாயிறு மதியம் அவளுக்குள் அப்படியே நிற்கிறது. பன்னிரண்டாம் வகுப்புச் சமூகவியல் டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம் இது: சாப்பாட்டு நேரத்தில் அரை மணி வாயைத் திறக்காமல் குடும்பத்தைக் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும். ஜன்னல் வெயில் மேஜைமேல் சாய்ந்து கிடக்க, அவள் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் முகம் கொடுத்துப் பேசி எட்டு நாளாகிறது. இருவருக்கும் நடுவே தூது போயே அவள் நாக்கு அரை அங்குலம் தேய்ந்துவிட்டது. அம்மா தட்டு வைக்கிற சத்தத்தில் நாலு தெரு தள்ளித் தூங்குகிற குழந்தை விழித்துக்கொள்கிறது. “உங்கம்மாவத் தண்ணி கொண்டுவரச் சொல்லும்மா,” என்கிறார் அப்பா. அவள் எழுதிக்கொள்கிறாள். “உங்கப்பாவுக்குக் கை இல்லையான்னு கேளுடி,” என்கிறாள் அம்மா. அதையும் எழுதிக்கொள்கிறாள். அப்பாவுக்கு விக்கல் பிடிக்கிறது. வீட்டுக் கூரையே அரை அடி எழும்பி உட்காருகிற விக்கல். “இந்தப் பொண்ணுக்கு என்னடி ஆச்சு?” என்று அம்மாவையே கேட்டுவிடுகிறார். ஒரு கணம் கரண்டி அந்தரத்தில் நிற்கிறது. “வாயத் திறந்தா மார்க் போயிடுமாம். இந்தப் பாடத்த உங்களுக்கு வெச்சிருக்கணும்,” என்கிறாள் அம்மா, டம்ளரை அவர் கையிலேயே கொடுத்தபடி. “எனக்குத்தான் எட்டு நாளா முழு மார்க்காச்சே!” என்கிறார் அப்பா. அம்மா சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்புகிறாள். அரை மணி எப்போதோ முடிந்துவிட்டது. அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை.