மாடிவீட்டு டிசைன் தாள்

கீழே விசைத்தறி தடதடக்கிறது. மாடியில் குடியிருக்கும் யுவஸ்ரீயின் மேசையை விட்டு வீட்டுக்காரி பாஞ்சாலியின் கண் நகரவே இல்லை. விரித்த தாளில் கட்டத்துக்கொன்றாகச் சீன எழுத்து, நடுவே அரபி, சுற்றிலும் பூங்கொடி. தறி வைத்திருப்பவளுக்கு அது சேலை டிசைனேதான். தீபாவளிக்கென்று தான் ஒளித்து வைத்திருக்கும் மயில் பார்டரை இவள் சீனாவுக்கு விற்கிறாளோ? "இன்னாமா, யாருக்கு வரைஞ்சிகினு இருக்க?" "வரையலைக்கா. சீனத்து முஸ்லிம் ஒருத்தர் எழுதினது. இஸ்லாத்தையும் கன்பூசியஸ் சொன்னதையும் பொருத்திப் பாக்குறாரு. அதான் என் ஆராய்ச்சி." "ஆங், திருத்தணியில உக்காந்துகினா?" யுவஸ்ரீ சிரித்துக்கொண்டே காபி போட உள்ளே போகிறாள். பாஞ்சாலி தாளை ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பார்க்கிறாள். மயில் எங்கேயும் இல்லை. அப்படியும் மனசு ஆறவில்லை. அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து, தன் சேலை பார்டருக்கு ஆகுமென்று அந்தப் பூங்கொடியை மட்டும் சட்டென்று இரண்டு படம் பிடித்துக்கொள்கிறாள்.