விழாத மருந்து

துப்பாக்கி சுடும் மைதானத்தில் வெடிச் சத்தம் மெலிதாக வந்ததுமே ஓரின் திரும்பிப் பார்க்கிறான். பக்கத்தில் குப்புறப் படுத்திருக்கும் கிளீட், "என்னடா, உன் தோட்டாவுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று சிரித்தபடி, பழைய பட்டாளத் துப்பாக்கியில் அடுத்ததை ஏற்றப் போகிறான். ஓரின் அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறான். "சுடாத. குண்டு வெளியவே போகல." துப்பாக்கியின் பின்பூட்டான போல்ட்டை உருவிவிட்டுக் குழலுக்குள் பார்க்கிறான். ஐடஹோ வெயில் தெரிய வேண்டிய இடத்தில் இருட்டு. நேற்று வீட்டில் தோட்டாக் கூடுகளில் வெடிமருந்து அடைக்கையில், பாதியில் கைபேசியை எடுக்கத் திரும்பியது நினைவுக்கு வருகிறது. கிளீட்டின் சிரிப்பு நின்றுவிடுகிறது. "இதுல மருந்து விழலன்னா, வேற எதுலயோ ரெட்டையா விழுந்திருக்கும்ல?" கிழட்டுத் துப்பாக்கிகளுக்கென்று ஓரின் பாதிக் கூடுதான் மருந்து போட்டிருந்தான். இன்னொரு கரண்டி விழுந்தாலும் கூடு கொள்ளும், துப்பாக்கி தாங்காது. ஓரின் தோட்டாப் பெட்டியைத் திறக்கிறான். பாதி காலி. காலையில் கிளீட்டின் மகள் ரோண்டா தன் துப்பாக்கிக்கென்று அள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். மைதானத்தின் மறுகோடியில், காதடைப்பான் மாட்டிய அவள் துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைப் பதிக்கிறாள். ஓரின் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடுகிறான். கிளீட்டும் பின்னால் ஓடுகிறான். அவள் ஒற்றைக் கண்ணை மூடுகிறாள்.