ஃபைவ் ஸ்டார் சம்பந்தம்

மாப்பிள்ளை நாற்காலி மேல் ஏறி நின்று, சுவரில் இருந்த ஏசியின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். மணவாளன் கீழே நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பையன் விழுந்து கிழுந்து வைத்தால் சம்பந்தமே போய்விடும்.

மகள் கயல்விழிக்குக் கடலூரிலிருந்து வந்திருக்கும் இது மூன்றாவது இடம். முன்பு வந்த இரண்டு கூட்டமும் கேசரியைத் தின்றுவிட்டு, கழுத்தைத் துடைத்தபடி "போன் பண்றோம்" என்று போனவர்கள்தான். வீடு ஒரே புழுக்கமாம். தரகர் வந்து போட்டு உடைத்தபோது, பெண்ணைவிட அப்பாவுக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அன்றைக்கே பழைய ஏசியைக் கழற்றிப் பின்கட்டில் போட்டார். விற்பதற்கு விளம்பரமும் கொடுத்தார். கூடத்தில் புத்தம் புதிதாக ஒன்று ஏறியது. சித்திரை வெயில் சிதம்பரத்தை வறுத்தெடுத்துக்கொண்டிருக்க, இவர் கூடம் மட்டும் ஊட்டியாக இருந்தது.

கடலூர்க்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்ததில் அவருக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. அப்பா, அம்மா, பையன், மூன்றே பேர். போட்டோவில் இருந்த தலைமுடியில் பாதிதான் நேரில் இருந்தது. வரன் பார்க்க அனுப்பும் போட்டோ என்றால் அப்படித்தான்.

"இது த்ரீ ஸ்டாருன்னுல்ல சொன்னாங்க?" என்றார் பையனின் அப்பா.

தரகர் இதிலுமா குறைத்துச் சொல்ல வேண்டும்? மணவாளனுக்குச் சுருக்கென்றது.

"எவன் சொன்னது? ஃபைவ் ஸ்டாருங்க. இன்வெர்ட்டர் மாடலு. மாட்டி ஒரு வாரங்கூட ஆவல."

அப்பாவும் பையனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கரண்டு எம்மாம் இழுக்கும்?"

"த்ரீ ஸ்டார விட கொறைச்சல்தாங்க. ரூம்பு குளுந்துட்டா அதுவே வேகத்தக் கொறைச்சிக்கும்."

"குளுரு காலத்துல சூடு காத்தும் வருமா?" என்று கேட்டார் அம்மா.

"நம்ம ஊர்ல அது எதுக்கும்மா? ஜன்னலத் தெறந்தா வந்துடும்."

இந்த நேரம் பார்த்து மனைவி பவானி வந்து காதைக் கடித்தாள். "ஏங்க, வாசல்ல இன்னொரு கூட்டம் நிக்குது. ஏழெட்டுப் பேரு இருப்பாங்க."

"காடாம்புலியூர் பார்ட்டி. பழைய ஏசிய வாங்க வந்தவுங்க. சந்து வழியா பின்கட்டுக்கு அனுப்பு."

"அதுக்கு இத்தனை பேரா?"

"தூக்கிட்டுப் போவ ஆள் வேணாமா?"

"வெள்ளையும் சொள்ளையுமா இருக்காங்களே."

"முந்திரித் தோப்புக்காரங்க, காசு இருக்கும். ஏசி பக்கத்துலயே உக்கார வை. ஃபேன் போடாத. நல்லா வேர்த்தாத்தான் பேரம் பேசாம வாங்குவாங்க."

கயல்விழி காபித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளை நாற்காலியில் நின்றபடியே, ஏசியிலிருந்து கண்ணை எடுக்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டான். போன தடவை வந்தவன் பெண்ணை விழுங்குவதுபோல் பார்த்தான். இவன் தங்கம் என்று மணவாளன் உருகிப்போனார். கயல்விழி மட்டும் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"சத்தம் வருதான்னு பாக்கணும்," என்றான் பையன்.

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஏசியிலிருந்து சத்தமே இல்லை. பின்கட்டில் யாரோ இருமுவதுதான் கேட்டது.

பவானி மறுபடியும் வந்தாள். "பின்னாடி தண்ணி கேக்குறாங்க."

"ஏசி புடிச்சிருக்கான்னு கேட்டியா?"

"கேட்டேன். ஒண்ணும் சொல்ல மாட்றாங்க. ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கறாங்க."

"நடிப்பு. வெலய எறக்கத்தான். இன்னும் செத்த நேரம் காயட்டும்."

பையன் கீழே இறங்கி அப்பாவின் காதில் ஏதோ சொன்னான். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டினார்.

"எங்க மூணு பேருக்குமே ரொம்பப் புடிச்சிருக்குங்க."

மணவாளனுக்குக் கண் கலங்கிவிட்டது. சுவரில் இருந்த ஏசியைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல் இருந்தது. "அப்ப இன்னைக்கே பூ வச்சிடலாங்களா?"

"பூவு, பொட்டெல்லாம் ஊர்ல போயி மாட்டினப்புறம் வச்சிக்கறோம். போன்ல பேசுன வெலைக்கே எடுத்துக்கறோம். வண்டி தெருமொனையில நிக்குது." அவர் பையன் பக்கம் திரும்பினார். "தம்பி, ஸ்பேனர எடு."

மணவாளன் ஏசியையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். சமையலறை ஜன்னல் வழியாகப் பின்கட்டையே பார்த்துக்கொண்டிருந்த கயல்விழி, செல்போனில் இருந்த மாப்பிள்ளை போட்டோவோடு மெதுவாக அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, பின்னாடி காயப் போட்டிருக்கீங்களே, அவருதாம்ப்பா மாப்பிள்ள."